எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து படிப்பது எப்படி: கரண்ட் போகும் வழியே ஒரு முழுமையான வழிகாட்டி

நம்ம கொங்குப் பக்கம் கம்ப்யூட்டர் எங்கெல்லாம் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியின் கட்டிங் அறையை ஒட்டி, சோமனூரில் தறி ஓடுகிற ஷெட்டின் மூலையில், ஈரோட்டில் மஞ்சள் மண்டி கல்லாவுக்குப் பக்கத்தில், காங்கயத்தில் அரிசி ஆலை ஆபீசில், நாமக்கல்லில் கோழிப்பண்ணையில். பெரும்பாலும் ஏசி கிடையாது. தூசிக்குக் குறைவு கிடையாது. பக்கத்திலேயே மோட்டார்கள் ஓடிக்கொண்டும் நின்றுகொண்டும் இருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் அதிகம் அடி வாங்குவது பவர் சப்ளை, அதாவது எஸ்எம்பிஎஸ். ஆனால் அதைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. "எஸ்எம்பிஎஸ் போச்சுங்க, மாத்தீரலாம்" என்று சொல்லிவிட்டு, அதே விலையில் அதே மாதிரி இன்னொன்றை மாட்டிவிடுகிறார்கள். ஏன் போனது என்று தெரியாமல் மாற்றினால் புதியதும் அதே வழியில்தான் போகும்.

லேபிளில் என்ன அச்சடித்திருந்தாலும், உள்ளே இருக்கிற போர்டு பொய் சொல்லாது. அதைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பழுதுக்கான காரணமும் தெரியும், அடுத்து வாங்கும்போது எதைத் தவிர்க்க வேண்டும் என்றும் தெரியும்.

யார் திறக்கலாம்?

மல்டிமீட்டரில் வோல்ட் அளக்கத் தெரிந்திருக்க வேண்டும், டையோடு டெஸ்ட் என்றால் என்ன என்று புரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாதவர் படித்து வைத்துக்கொள்ளுங்கள், திறக்க வேண்டாம். முதல் முறை திறப்பவர் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறப்பது நல்லது. வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும் சப்ளையை யாருமே திறக்க வேண்டாம். ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி போய்விடும்.

சாமான்கள்: 1000 வோல்ட் டிசி வரை அளக்கும், வயர் இன்சுலேஷனில் விரிசல் இல்லாத மல்டிமீட்டர், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், 10 கிலோ ஓம், 10 வாட் செராமிக் ரெசிஸ்டர் ஒன்று, இரண்டு முனையிலும் இன்சுலேஷன் உள்ள வயர் பற்ற வைத்தது, மென்மையான பிரஷ், ப்ளோயர், நல்ல வெளிச்சம். கடைசிக் கட்டத்துக்கு ஒரு சீரீஸ் பல்ப் போர்டு, அதாவது கரண்ட் ஒரு குண்டு பல்ப் வழியாகவே சாக்கெட்டுக்குப் போகும் போர்டு. மோதிரம், கைச்செயின், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள்.

திறப்பதற்கு முன்பே பார்க்க வேண்டியவை

கையில் எடுத்துப் பாருங்கள். நல்ல சப்ளையில் ஹீட்சிங்க், காயில், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் கனமாக இருக்கும். பெட்டி காலியாக இருப்பது போல் தோன்றினால் உள்ளேயும் அப்படித்தான். எடை மட்டும் போதாது, ஆனால் முதல் துப்பு அதுதான்.

பிறகு லேபிள். பெரிய எழுத்தில் இருக்கும் வாட்ஸை விட்டுவிட்டு, 12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். இன்றைய கம்ப்யூட்டரில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது 12 வோல்ட்டைத்தான். மேலே 450 வாட்ஸ் என்று போட்டு, 12 வோல்ட்டில் 16 ஆம்பியர் என்று இருந்தால், உருப்படியாகக் கிடைப்பது 192 வாட்ஸ். மிச்சமெல்லாம் இன்றைய மெஷினுக்கு அவ்வளவாகத் தேவைப்படாத 5, 3.3 வோல்ட் கணக்கு.

மூக்கையும் பயன்படுத்துங்கள். கருகிய வாசம் ஒருவிதம், கெப்பாசிட்டர் கசிந்த மீன் வாடை இன்னொருவிதம். மெல்லக் குலுக்கினால் உள்ளே ஏதாவது உருளுகிறதா என்று கேளுங்கள். கழன்ற ஸ்க்ரூ ஒன்று போர்டின் கீழே கிடந்தாலே ஷார்ட் ஆகப் போதும்.

பின்பக்கம் 115/230 என்று சிவப்பு சுவிட்ச் இருந்தால் 230-ல் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். 115-க்குத் தள்ளிவிட்டு நம்ம ஊர் கரண்ட்டில் போட்டால் உள்ளே வோல்டேஜ் இரண்டு மடங்காகி, கெப்பாசிட்டர்கள் வெடிக்கும். மேசையைத் துடைக்கும்போது விரல் பட்டு நகர்ந்துவிடுகிற சுவிட்ச் இது.

கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும் கரண்ட்

இந்தப் பகுதியை மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள்.

230 வோல்ட் ஏசியை டிசியாக மாற்றினால் சுமார் 325 வோல்ட் வரும். ஆக்டிவ் பிஎஃப்சி (பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும் சர்க்யூட்) உள்ள சப்ளையில் அது 380, 390 வோல்ட் வரை ஏற்றப்படும். இந்த வோல்டேஜ் பெரிய கெப்பாசிட்டரில் சேமித்து வைக்கப்படுகிறது. 330 மைக்ரோஃபாரட், 390 வோல்ட் என்றால் அதில் இருப்பது சுமார் 25 ஜூல். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இது அங்கேயே இருக்கலாம். இதயத்தைக் குறுக்கிட்டுப் பாய்ந்தால் உயிரைப் பறிக்கக்கூடிய அளவு.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: நன்றாக ஓடுகிற சப்ளையைவிடச் செத்துப்போன சப்ளைதான் ஆபத்தானது. நன்றாக இருப்பது, பிளக்கைப் பிடுங்கியதும் மிச்சமிருக்கும் கரண்ட்டை லோடுக்குக் கொடுத்துத் தானே காலி செய்துவிடும். செத்தது எங்கேயும் கொடுக்க வழியில்லாமல் அப்படியே பிடித்து வைத்திருக்கும்.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்து, சுவர் பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். சில சமயம் ஃபேன் ஒரு சுற்று சுற்றி நிற்கும், அது மிச்சக் கரண்ட் வடிவது. கால் மணி நேரம் அப்படியே விடுங்கள். பிறகு கேபினெட்டிலிருந்து கழற்றி, மரமேசை மேல் வைத்து, மூடியின் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். மூடியோடு ஃபேன் ஒட்டியிருந்தால் அதன் வயரை இழுத்துவிடாதீர்கள். சாக்கெட் இருந்தால் பிடுங்குங்கள், இல்லையென்றால் பக்கத்தில் சாய்த்து வையுங்கள்.

திறந்ததும் உள்ளே கை வைக்கக் கூடாது. பிரைமரி பக்கத்து, அதாவது மெயின்ஸ் கரண்ட் இருக்கும் பக்கத்து, ஹீட்சிங்கைத் தொடவே வேண்டாம். அலுமினியம்தானே என்று தோன்றும், ஆனால் பல சப்ளைகளில் அது மெயின்ஸோடு இணைந்தே இருக்கும். போர்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றி, ஓரத்தை மட்டும் பிடித்துத் திருப்பி, பெரிய கெப்பாசிட்டரின் இரண்டு கால்களையும் அடிப்பக்கத்தில் கண்டுபிடியுங்கள். ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு மறு கையால் அளவெடுப்பது இந்தத் தொழிலின் பழைய பழக்கம், நல்ல பழக்கம். மீட்டரின் கருப்பு முனையில் முதலைக் கிளிப் இருந்தால் ஒரு கையே போதும்.

எங்கே அளக்கிறீர்கள் என்பது முக்கியம். ஏசியை டிசியாக மாற்றும் பிரிட்ஜ் டையோடின் கால்கள் மேலேயே கைக்கு எட்டுகிறதே என்று அங்கே அளந்து, ஜீரோ காட்டியதும் தைரியமாகக் கையை விடுபவர்கள் உண்டு. ஆக்டிவ் பிஎஃப்சி சப்ளையில் பிரிட்ஜுக்கும் பெரிய கெப்பாசிட்டருக்கும் நடுவில் இன்னொரு டையோடு ஒரு வழிக் கதவாக நிற்கிறது. கெப்பாசிட்டரில் 380 வோல்ட் இருக்கும்போதே பிரிட்ஜ் ஜீரோ காட்டும். கெப்பாசிட்டரின் கால்களிலேயே அளங்கள். பழைய வகையில் இரண்டு பெரிய கெப்பாசிட்டர்கள் இருந்தால் இரண்டையும் தனித்தனியாக அளங்கள்.

5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், ரெசிஸ்டர் வயர்களைக் கால்களில் வைத்து அரை நிமிடம் பிடியுங்கள். 10 கிலோ ஓம், 330 மைக்ரோஃபாரட் என்றால் கால் நிமிடத்துக்குச் சற்று மேல் போனாலே காலியாகிவிடும். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிடுவது வேண்டாம். அது போர்டின் தடத்தையும் கெப்பாசிட்டரையும் கெடுக்கும், கண்ணுக்கும் ஆபத்து. காலி செய்ததும் மறுபடி அளங்கள். ரெசிஸ்டரை எடுத்த பிறகு கொஞ்சம் வோல்டேஜ் தானே ஏறுவதும் உண்டு. 5 வோல்ட்டுக்குக் கீழே நிலையாக நின்றால் சரி, வேலையைத் தொடங்கலாம்.

தூசி எங்கிருந்து வந்தது

சுத்தம் செய்வதற்கு முன் அழுக்கைப் பாருங்கள், ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பல்லடம், சோமனூர், திருப்பூர் சப்ளைகளில் பஞ்சுத்தூசி ஹீட்சிங்க் இடுக்குகளில் கம்பளி மாதிரி படிந்திருக்கும். இது சூட்டை அடைத்துவைக்கும், ஃபேனையும் மெதுவாக்கும். பொள்ளாச்சிப் பக்கம் நார் மில்லில் வரும் தூசி இன்னும் கரடாக இருக்கும். கோழிப்பண்ணையில் நிலைமை வேறு: எச்சத்திலிருந்து வரும் அமோனியா, ஈரத்தோடு சேர்ந்து செம்பை அரிக்கும். காயிலிலும் கனெக்டர் பின்னிலும் பச்சைக் களிம்பு தெரிந்தால் அது தூசிப் பிரச்சினை அல்ல, அறையை மாற்ற வேண்டிய பிரச்சினை.

இன்னொன்று பல்லி. சூட்டைத் தேடி உள்ளே போய், மெயின்ஸ் பக்கத்தில் இரண்டு கால்களுக்குக் குறுக்கே பட்டுக் கருகிக் கிடக்கும். ஃப்யூஸ் போனதற்கு அதுவே காரணம் என்றால், பின்பக்கம் கம்பி வலை சரியாக இருக்கிறதா, கேபினெட்டில் காலி ஸ்லாட்கள் மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

ப்ளோயரில் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் கெடும். பிறகு கையால் சுற்றிப் பாருங்கள்: தடையில்லாமல் சுற்றி மெல்ல நிற்க வேண்டும். மேலும் கீழும் ஆடினால், கரகரத்தால் ஃபேனை மாற்றுங்கள். எண்ணெய் விட்டு ஓட்டுவது சில வாரத்துக்குத்தான்.

மெயின்ஸ் சாக்கெட்டிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர் வரை

வாய்க்கால் தண்ணீர் எந்த மதகில் நிற்கிறது என்று மேலிருந்து கீழே நடந்து பார்க்கிற மாதிரி, கரண்ட் நுழைகிற இடத்திலிருந்து தொடங்குங்கள்.

முதலில் ஃபில்டர். செவ்வகப் பெட்டி போன்ற எக்ஸ் கெப்பாசிட்டர் லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே இருக்கும். நீல நிறச் சிறு வட்டுகளான ஒய் கெப்பாசிட்டர்கள் எர்த்துக்குப் போகும். இரண்டு சுற்றுள்ள காயில் ஒன்றோ இரண்டோ இருக்கும். சப்ளை கிளப்பும் இரைச்சல் வெளியே போகாமலும், பக்கத்து மோட்டாரின் இரைச்சல் உள்ளே வராமலும் தடுப்பது இவற்றின் வேலை. மலிவான சப்ளையின் குட்டு முதலில் உடைவது இங்கேதான். போர்டில் காயிலுக்கு இடம் வரைந்திருக்கும், ஆனால் காயில் இருக்காது. இரண்டு துண்டுக் கம்பி பற்ற வைத்திருக்கும். எக்ஸ் கெப்பாசிட்டர் இடம் காலியாக இருக்கும். டிசைன் செய்தவர் தேவை என்று இடம் விட்டிருக்கிறார், தயாரித்தவர் காசுக்காக விட்டுவிட்டார். காலி இடங்களை எண்ணிப் பாருங்கள். என் அனுபவத்தில் இதைவிட நேர்மையான தரச்சான்று கிடையாது.

ஒய் கெப்பாசிட்டர்கள் இருந்து, வீட்டில் எர்த் இல்லையென்றால் கேபினெட்டைத் தொடும்போது சுருக்கென்று இருக்கும். அது சப்ளையின் குறை அல்ல, எர்த்தைப் போடுங்கள்.

அடுத்து ஃப்யூஸ். கண்ணாடி ஃப்யூஸ் என்றால் உள்ளே தெரியும். கம்பி நடுவில் சுத்தமாக அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால், சின்ன ஓவர்லோடாக இருக்கலாம். கண்ணாடி கருத்து வெள்ளி பூசியது போல் இருந்தால் பெரிய ஷார்ட். பின்னால் ஏதோ ஒன்று நிச்சயம் போயிருக்கிறது. அப்படியிருக்க ஃப்யூஸை மட்டும் மாற்றிப் போடுவது இன்னொரு ஃப்யூஸை எரிப்பதற்குத்தான். ஃப்யூஸுக்குப் பதில் கம்பி சுற்றுவதை எந்த அவசரத்திலும் செய்யாதீர்கள்.

வட்டு வடிவ வேரிஸ்டர் நம்ம பகுதிக்கு முக்கியமான பார்ட். த்ரீ ஃபேஸ் லைனில் நியூட்ரல் விட்டுப்போனால் ஒரு ஃபேஸில் 400 வோல்ட்டுக்குக் கிட்ட வந்துவிடும். வேரிஸ்டர் இருந்தால் அது ஷார்ட் ஆகி, ஃப்யூஸை எரித்து, மற்றதைக் காப்பாற்றும். இல்லையென்றால் 400 வோல்ட் டிசியாக மாறி 565 வோல்ட் ஆகும். 200 வோல்ட் கெப்பாசிட்டர்கள் இரண்டு உள்ள பழைய வகையில் ஒவ்வொன்றுக்கும் 280-க்கு மேல் விழும். வெடிப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. வேரிஸ்டர் பிளந்து கருகியிருந்தால், சப்ளையை மாற்றுவதற்கு முன் எலக்ட்ரீஷியனை அழைத்து நியூட்ரல் இணைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். வேரிஸ்டருக்குப் பக்கத்தில் அதே மாதிரி, பெரும்பாலும் கரும்பச்சையில் அல்லது கருப்பில் இருப்பது என்டிசி தெர்மிஸ்டர். ஆன் செய்யும் நொடியில் பாயும் கரண்ட்டை அடக்குவது அதன் வேலை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மேலே அச்சடித்த எண்ணைப் படியுங்கள்.

பிரிட்ஜ் டையோடு, அப்புறம் பெரிய கெப்பாசிட்டர். கெப்பாசிட்டர் உறையில் வோல்ட், மைக்ரோஃபாரட், சூட்டு அளவு மூன்றும் இருக்கும். 85 டிகிரியா 105 டிகிரியா என்று பாருங்கள். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள், சூடு 10 டிகிரி குறைந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. சித்திரை வைகாசியில் தகரக் கூரை ஷெட்டுக்குள் ஓடும் மெஷினுக்கு 105 தான் வேண்டும். நிப்பான் கெமிகான், ரூபிகான், நிச்சிகான், பானசோனிக் ஆகியவை நம்பிக்கையான ஜப்பான் பெயர்கள்.

பிஎஃப்சி காயில், பெரிய வளையமாகவோ கட்டையாகவோ, பிரிட்ஜுக்கும் பெரிய கெப்பாசிட்டருக்கும் இடையில் இருந்தால் அது ஆக்டிவ் பிஎஃப்சி. கெப்பாசிட்டர் ஒன்றே, 400 வோல்ட்டோ அதற்கு மேலோ இருப்பதும் அதற்கு அடையாளம். ஹீட்சிங்கில் மாட்டியிருப்பவை சுவிட்ச் செய்யும் மாஸ்ஃபெட்கள். மலிவான பழைய வகையில் 13007 என்ற டிரான்சிஸ்டர்கள் இரண்டு இருக்கும். வெடித்திருந்தால் உடம்பில் சின்னப் பள்ளமோ விரிசலோ தெரியும்.

டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம்

மஞ்சள் டேப் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர்களில் பெரியது மெயின், சிறியது ஸ்டாண்ட்பை (கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட் கொடுப்பது). இவற்றுக்கு நடுவே நான்கு கால் சின்ன ஐசிக்கள், ஆப்டோ கப்ளர், பெரும்பாலும் 817 என்று எழுதியிருக்கும். இந்த வரிசைதான் மெயின்ஸுக்கும் நீங்கள் தொடும் யூஎஸ்பி போர்ட்டுக்கும் நடுவே உள்ள எல்லை. எல்லையைத் தாண்டிச் செல்வது வெளிச்சமும் காந்தப் புலமும் மட்டும். செம்பு இணைப்பு இருக்கக் கூடாது.

செகண்டரி பக்கத்தில், அதாவது எல்லைக்கு அந்தப் பக்கம், முதலில் பார்க்க வேண்டியது கெப்பாசிட்டர் தலைகள். தட்டையாக இருந்தால் நல்லது. விரல் நுனியில் உணரும் அளவு உப்பியிருந்தாலும், மேலே குறுக்குக் கோட்டில் காவி நிறக் கறை தெரிந்தாலும் போய்விட்டது. அடியில் ரப்பர் பிதுங்கிச் சாய்ந்து நிற்பதையும் கவனியுங்கள். ஸ்டாண்ட்பை பகுதியின் சிறிய கெப்பாசிட்டர்கள் உப்பாமலேயே காய்ந்துபோகும். ஏனென்றால் கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்தாலும் சுவர் சுவிட்ச் ஆனில் இருக்கும்வரை அவை வேலை செய்துகொண்டே இருக்கின்றன. "காலையில ஆன் ஆகறதில்லீங்க, நாலஞ்சு தடவை அமுக்குனா வருதுங்க" என்று வருகிற மெஷின்களில் நான் முதலில் தேடுவது இவற்றைத்தான். ராத்திரி சுவர் சுவிட்சை அணைத்தால் இவற்றின் ஆயுள் கூடும்.

பார்ட்களை அசையாமல் பிடிக்கப் போட்ட பசையையும் பாருங்கள். மஞ்சள் பசை சூட்டில் வெந்து கரும்பழுப்பானால் கரண்ட்டைக் கடத்த ஆரம்பித்துவிடும், பக்கத்துக் கால்களையும் அரிக்கும். கருத்த பசையைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். வெள்ளை சிலிக்கானுக்கு இந்தத் தொல்லை இல்லை.

போர்டின் அடிப்பக்கம்

வேகமாகப் பார்த்துவிடலாம். கனமான பார்ட்களின் கால்களைச் சுற்றி ஈயத்தில் வட்ட விரிசல் இருக்கிறதா, கால்கள் நீளமாக விடப்பட்டுப் பெட்டியைத் தொடுகிறதா, பிரைமரி செகண்டரி நடுவே அகலமான வெற்று இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டிக்கும் போர்டுக்கும் இடையே பிளாஸ்டிக் தாள் இருக்க வேண்டும். மாட்டும்போது அதை மறந்துவிடக் கூடாது.

மீட்டர் வைத்துப் பார்ப்பது

எல்லாம் கரண்ட் இல்லாமல்தான். பிரைமரியில் கரண்ட் ஓடும்போது அளப்பது இந்த வழிகாட்டியில் இல்லை.

டையோடு டெஸ்டில் பிரிட்ஜின் ஏசி காலுக்கும் பிளஸ், மைனஸ் கால்களுக்கும் ஒரு திசையில் 0.5 வோல்ட் ஒட்டிக் காட்டி, மறு திசையில் காட்டாமல் இருக்க வேண்டும். எங்காவது பீப் அடித்தால் ஷார்ட். மாஸ்ஃபெட்டின் நடுக்காலுக்கும் கடைசிக் காலுக்கும் இதே சோதனை. இரண்டு திசையிலும் ஜீரோவை ஒட்டிக் காட்டினால் போய்விட்டது. செகண்டரியின் ஷாட்கி டையோடுகள் 0.2 போலக் குறைவாகத்தான் காட்டும், அது அதன் இயல்பு. மஞ்சள் வயருக்கும் கருப்புக்கும் நடுவே பீப் தொடர்ந்து அடித்தால் அவுட்புட் ஷார்ட். கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகும்போது ஒரு நொடி அடித்து நின்றால் பயப்பட வேண்டாம்.

மூடி, ஆன் செய்து பார்ப்பது

மூடியை மாட்டாமல் ஆன் செய்யாதீர்கள். கம்ப்யூட்டரில் இணைக்காமல், 60 அல்லது 100 வாட்ஸ் குண்டு பல்ப் உள்ள சீரீஸ் போர்டில் பிளக்கைச் செருகுங்கள். பல்ப் ஒரு கணம் மின்னி அணைந்தால் நல்லது. பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது, உடனே பிடுங்குங்கள். ஆக்டிவ் பிஎஃப்சி சப்ளையில் பல்ப் விட்டுவிட்டு மின்னலாம். சீரீஸில் வைத்து லோடு கொடுக்க வேண்டாம்.

பல்ப் சரியென்று சொன்னால், நேரடியாகச் செருகி, கருப்புக்கும் ஊதாவுக்கும் நடுவே அளங்கள்: ஸ்டாண்ட்பை 5 வோல்ட் வர வேண்டும். அது வராவிட்டால் மற்ற எதுவும் வராது. பிறகு 24 பின் கனெக்டரில் பச்சையையும் கருப்பையும் ஒரு கம்பியால் இணையுங்கள். ஃபேன் சுற்றும். பழைய டிவிடி டிரைவையோ ஹார்ட் டிஸ்க்கையோ லோடாக மாட்டி அளங்கள். மஞ்சள் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பு 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சு 3.14 முதல் 3.47 வரை இருக்கலாம். நீலத்தில் மைனஸ் 12. அதற்கு 10 சதவீதம் கூடக் குறைய இருந்தாலும் சரிதான். சாம்பல் வயரில் ஒரு நொடிக்குள் 5 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். "ஃபேன் சுத்துதுங்க, டிஸ்ப்ளே வரலீங்க" என்ற புகாரில் பலமுறை சாம்பல் வயர்தான் ஊமையாக இருக்கும். அந்தச் சிக்னல் வராமல் மதர்போர்டு வேலையைத் தொடங்காது.

சரி செய்வதா, தூக்கிப் போடுவதா

ஃபேன், செகண்டரி கெப்பாசிட்டர், விரிசல் விட்ட ஈயம், இந்த மூன்றும் சரி செய்யத் தக்கவை, போர்டில் காலி இடங்கள் இல்லாத நல்ல சப்ளையாக இருந்தால். கெப்பாசிட்டர் மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது அதற்கு மேல், 105 டிகிரி, லோ இஎஸ்ஆர் (உள் ரெசிஸ்டன்ஸ் குறைந்தது) என்று கேட்டு வாங்குங்கள். மோட்டார் காயில் கட்டும் கடையில் கிடைக்கும் கெப்பாசிட்டர் இதற்கு ஆகாது. மாஸ்ஃபெட் வெடித்திருந்தால் அதோடு டிரைவர் ஐசி, ரெசிஸ்டர்கள் என்று வரிசையாகப் போயிருக்கும். பழக்கமில்லாதவர் அதில் இறங்க வேண்டாம்.

ஃபில்டர் காயில் இல்லாத, வேரிஸ்டர் இல்லாத சப்ளையைச் சரி செய்து திரும்ப ஓட்டுவதை நான் ஆதரிக்கவில்லை. கணக்கும் பேட்டர்ன் ஃபைலும் இருக்கிற ஹார்ட் டிஸ்க்கை அதன் பின்னால் மாட்டி வைப்பது சரியல்ல. அதைப் பழைய சாமான்காரரிடம் கொடுக்கும் முன், 24 பின் கனெக்டரை வெட்டி எடுத்துவிட்டுக் கொடுங்கள். முழுசாகக் கொடுத்தால் துடைத்து, புது ஸ்டிக்கர் ஒட்டி, யாரோ ஒருவர் கேபினெட்டுக்குள் மறுபடி வந்து உட்காரும்.